காற்றைக் கேட்டுவிட்டுக் கடலுக்குப் புறப்படுங்கள்

மதுரை கே.கே. நகரில் குடியிருப்பவருக்குத் தண்ணீர்ப்பரப்பு என்றால் வண்டியூர் கண்மாய்தான். ஐப்பசி, கார்த்திகையில் கண்மாய் நிறைந்துவிட்டால் காலை நடைக்கு வருகிறவர்கள் கரையில் நின்று, "கடல் மாதிரில்ல கெடக்கு" என்பார்கள். கடலைப் பார்த்து ரொம்ப நாளானவர்களின் பேச்சு அது. நிஜக் கடல் மாட்டுத்தாவணியில் பஸ் ஏறினால் நான்கு மணி நேரம். அதுவும் ஒன்றுக்கு இரண்டு கடல்.

வாரப் பத்திரிகைகளில் உலகத்தின் விசித்திரக் கடற்கரைகள் என்று அடிக்கடி படம் போடுகிறார்கள். ஹவாய்த் தீவில் ஆலிவின் என்ற தாது உதிர்ந்து பச்சையாகிப் போன பாப்பகோலேயா கரை. பஹாமாஸின் ஹார்பர் தீவில், கண்ணுக்குத் தெரியாத சிற்றுயிர்களின் சிவப்பு ஓடுகள் கலந்து ரோஜா நிறம் கண்ட மணல். ஐஸ்லாந்தில் எரிமலைக் கல் பொடிந்த ரெய்னிஸ்ஃப்யாரா என்ற கருமணல் கரை. டென்மார்க்கின் வடகோடியில், இரண்டு கடல்கள் எதிரெதிரே வந்து மோதும் கிரெனென் முனை. பார்க்க வேண்டியவைதான், கையில் காசும் விசாவும் இருந்தால். இந்த அத்தியாயம் அவற்றுக்குப் பங்காளி முறையாகும் நம் பக்கத்துக் கரைகளைப் பற்றியது. சனிக்கிழமை விடியலில் கிளம்பி, ஞாயிறு ராத்திரி வீட்டுக்கு வந்து இட்லி சாப்பிடக்கூடிய தூரத்தில் இருப்பவை.

முதலில் காற்று

எந்த ஊருக்குப் போவது என்பதற்கு முன்னால் இது எந்த மாதம் என்று பாருங்கள். பாம்பன் தீவு இரண்டு கடலுக்கும் நடுவில் வயல் வரப்பு மாதிரிக் கிடக்கிறது. வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. வைகாசி முதல் புரட்டாசி வரை தென்மேற்கிலிருந்து காற்று. மீனவர்கள் அதைத் திசைக்கேற்பப் பிரித்து, மேற்கே இருந்து வந்தால் கச்சான், தெற்கே இருந்து வந்தால் சோழகம் என்பார்கள். அந்த மாதங்களில் மன்னார்ப் பக்கம் பொங்கிக் கொந்தளிக்கும், பாக் பக்கமோ நம் கண்மாய் மாதிரி அடங்கிக் கிடக்கும். ஐப்பசியில் வாடை திரும்பினால் கதையும் திரும்பிவிடும். வடக்குக் கடல் கலங்கி, மழையும் சேர்ந்து, கரையெல்லாம் பாசி ஒதுங்கும். அப்போது தெற்குப் பக்கம்தான் தேவலாம். மாசி, பங்குனி இரண்டு மாதமும் இரண்டு கடலும் சாது. ஒரே ஒருமுறைதான் போக முடியும் என்றால் அப்போது போங்கள்.

இது தெரியாமல் நான் ஒரு ஜூன் மாதம், பள்ளிக்கூடம் திறப்பதற்குள் காட்டிவிட வேண்டும் என்று, பெரியம்மா உட்படப் பத்துப் பேரை வேனில் ஏற்றிக்கொண்டு தனுஷ்கோடிக்குப் போனேன். கதவைத் திறந்ததும் மணல் ஊசி ஊசியாகக் காலில் குத்தியது. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு பெரியம்மா சொன்னார்: "ஏண்டா, கடலக் காட்டுறேன்னு கூட்டியாந்து மண்ண அள்ளி மூஞ்சில எறியிறியே." பக்கத்தில் சங்கு, சிப்பி விற்றுக்கொண்டிருந்த அம்மா சிரித்துவிட்டார். "இது கச்சான் காத்து தம்பி. இப்ப வந்தா மண்ணுதான். மாசில வாங்க, தண்ணி கண்ணாடியாட்டம் கெடக்கும்." அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இந்த அத்தியாயத்தின் பாதியை எழுதுகிறேன்.

சாப்பாட்டுக்காகப் போகிறவர்களுக்கு இன்னொரு கணக்கு. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. அப்போது கிடைப்பது நாட்டுப்படகு மீன் மட்டும். புதிதாக இருக்கும், விலையும் அதற்கேற்ப இருக்கும்.

அரிச்சல்முனை

மதுரையிலிருந்து ராமேசுவரம் சுமார் 170 கிலோமீட்டர். பரமக்குடி வரை நால்வழிச் சாலை, அதற்கப்புறம் பொறுமை வேண்டும். ரயிலில் போவதானால் பாம்பன் பாலம் தனி விருந்து. 1914-ல் திறந்த பழைய பாலம் 2022 டிசம்பரில் ஓய்ந்து, 2025 ஏப்ரலில் புதுப் பாலம் வந்தபிறகு மறுபடியும் ரயில் தீவுக்குள் போகிறது. ஆனால் இரண்டு கடலும் சந்திக்கும் அரிச்சல்முனைக்கு ராமேசுவரத்திலிருந்து இன்னும் 20 கிலோமீட்டர் கிழக்கே போக வேண்டும். அதற்குப் பஸ்ஸோ ஆட்டோவோ வேனோதான். 2017-ல் முனை வரைக்கும் தார்ச்சாலை போட்டுவிட்டார்கள். அதற்கு முன்னால் மணலிலும் தண்ணீரிலும் உருண்டு போகும் வேன்கள்தான் கதி. கிரெனென் முனையில் இன்றைக்கும் டிராக்டர் இழுக்கும் வண்டியில்தான் ஆட்களை மணல் கடத்திக் கொண்டுபோய் விடுகிறார்கள். நாம் அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டோம். நல்லதா என்று தெரியவில்லை. வேன் போன காலத்தில் முனையில் இத்தனை பிளாஸ்டிக் கோப்பைகள் கிடந்ததில்லை.

சாலையில் போகும்போதே இரண்டு பக்கமும் தண்ணீர் நெருங்கி வரும். இடதுபக்கக் கடலைப் பெண்கடல் என்றும் வலதுபக்கக் கடலை ஆண்கடல் என்றும் ஊர்க்காரர்கள் சொல்வார்கள். அலை சிறுத்தது பெண், பெருத்தது ஆண் என்பது கணக்கு. வாடைக்காலத்தில் பெண்கடல் போடும் சத்தத்தைக் கேட்டவர்கள் இந்தப் பெயர்களை அவ்வளவாக நம்பமாட்டார்கள். முனையில் போய் நின்றால் இரண்டின் நிறமும் வேறாகத் தெரியும், அலைகள் ஒன்றை ஒன்று குறுக்கே வெட்டும். மணல் திட்டு ஒவ்வொரு பருவத்திலும் வேறு வடிவத்தில் இருக்கும். போன வருஷம் நீங்கள் படம் எடுத்துக்கொண்ட இடம் இந்த வருஷம் தண்ணீருக்குள் இருக்கலாம். அங்கிருந்து இலங்கைக் கரை 30 கிலோமீட்டர் அளவில்தான்.

குளிக்கலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். வேண்டாம். முழங்கால் அளவு நிற்கும்போதே அடுத்த எட்டில் மணல் சட்டென்று சரியும், இரண்டு நீரோட்டமும் சேரும் இடத்தில் இழுப்பு எந்தத் திசை என்று நீந்தத் தெரிந்தவருக்கே பிடிபடாது. கிரெனெனிலும் இதே காரணத்துக்காகக் குளிக்கத் தடைதான். குளித்தே ஆக வேண்டும் என்ற பிள்ளைகள் கூட வந்திருந்தால், திரும்பும் வழியில் உச்சிப்புளிக்குப் பக்கத்தில் அரியமான் கடற்கரையில் இறக்கிவிடுங்கள். அது பாக் பக்கம். கச்சான் காலத்தில் இடுப்பளவு தண்ணீரில் ரொம்ப தூரம் நடந்து போகலாம்.

பலர் முனையைப் பார்த்துவிட்டு, வழியில் இருக்கும் பழைய தனுஷ்கோடி ஊரை ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு திரும்பிவிடுகிறார்கள். எனக்கு அங்கேதான் நேரம் போகிறது. சென்னையிலிருந்து வந்த போட் மெயில் பயணிகள் இறங்கித் தலைமன்னாருக்குக் கப்பல் ஏறிய துறைமுகம் இது. 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் ஊரே போயிற்று. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பாசஞ்சர் ரயிலைப் பயணிகளோடு கடல் கொண்டது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள். மிச்சம் நிற்கும் தேவாலயச் சுவரைக் கிட்டப் போய்ப் பாருங்கள்: செங்கல் இருக்க வேண்டிய இடத்தில் பவளப்பாறைக் கல். பூமாதிரி, மூளைமாதிரி வரி ஓடிய கற்கள். கடலிலிருந்து எடுத்துக் கட்டியதைக் கடல் வந்து கேட்டு வாங்கிக்கொண்டது போல இருக்கும். கல்லைப் பெயர்த்து எடுத்து வராதீர்கள். பவளம் பாதுகாக்கப்பட்ட உயிரினம், சட்டப்படி குற்றம்.

இங்கே இன்னொரு அதிசயம், கேட்டால்தான் காட்டுவார்கள். குடிசைகளுக்குப் பின்னால் மணலில் நான்கைந்து அடிக்கு ஊற்று தோண்டி வைத்திருப்பார்கள். கடல் கூப்பிடு தூரம், ஆனால் அகப்பையால் மொண்டு குடித்தால் நல்ல தண்ணீர். காரணம் எளிது. மழைநீர் மணலில் இறங்கி, உப்புநீரைவிட இலேசாக இருப்பதால் அதன் மேலேயே மிதந்துகொண்டிருக்கிறது. மேலாக எடுத்தால் இனிப்பு, ஆசைப்பட்டு ஆழமாகத் தோண்டினால் உப்பு ஏறிவிடும். ஆழ்துளைக் கிணறு போட்டுப் போட்டுக் கெடுத்துக்கொண்ட நமக்குத் தெரிந்த பாடம்தான்.

தை, மாசியில் போனால் ஓரத்துச் சேற்றுநீரில் பூநாரைகள் நிற்கும். 2025-ல் தனுஷ்கோடியைப் பூநாரைச் சரணாலயமாக அறிவித்திருக்கிறார்கள். தொப்பி, தண்ணீர், கழற்றி மாட்டச் சுலபமான செருப்பு எடுத்துக்கொள்ளுங்கள், நிழல் என்று ஒன்று கிடையாது. மாலையில் நேரம் தாழ்த்தினால் சோதனைச்சாவடியிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். சூரிய அஸ்தமனம் முனையில்தான் என்று பிடிவாதம் பிடிக்காமல் காலையிலேயே போய்விடுவது உத்தமம்.

போகிற வழியில் ராமநாதபுரத்திலிருந்து ஒரு சுற்றுப் போட்டால் தேவிபட்டினம். கடலுக்குள் ஒன்பது கல்தூண்கள், நவகிரகமாகக் கும்பிடப்படுபவை. அலையே இல்லாத கடல் பார்க்க வேண்டும் என்றால் அங்கே போகலாம். அரைமணி நேரம் போதும்.

மணப்பாடும் தேரியும்

நான் மதுரைக்காரர்களுக்குச் சிபாரிசு செய்யும் கரை மணப்பாடு. திருச்செந்தூர் வரை எல்லோரும் போகிறார்கள், முருகனைப் பார்த்துவிட்டு, நாழிக்கிணற்றில் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். இன்னும் முக்கால் மணி நேரம் தெற்கே போகச் சோம்பல்.

வாடைக்காலத்துக்கு ஏற்ற கரை இது. ஊர் முடியும் இடத்தில் மணல் இறுகிப் பாறையாகிப் போன ஒரு குன்று கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டிருக்கிறது. காற்று கொண்டுவந்து குவித்த மணலைச் சிப்பிச் சுண்ணாம்பு பிடித்துக் கெட்டியாக்கியது. பாறையின் பக்கவாட்டில் மடிப்பு மடிப்பாக அந்தக் காலத்துக் காற்றின் தடம் தெரியும். உச்சியில் 1581-ல் எழுந்த திருச்சிலுவைக் கோவில். குன்றின் கடல்பக்கத்தில் ஒரு குகை. 1542-ல் இந்தக் கரைக்கு வந்த புனித சவேரியார் தங்கி ஜெபம் செய்த இடம் என்று போற்றுகிறார்கள். அந்தக் குகைக்குள்ளும் ஒரு நல்ல தண்ணீர்க் கிணறு. தனுஷ்கோடி ஊற்று, நாழிக்கிணறு, இது: இந்தக் கடற்கரை முழுக்க உப்புக்குப் பக்கத்திலேயே இனிப்பை ஒளித்து வைத்திருக்கிறது.

குன்றின் ஒரு பக்கம் அலை வந்து சுருண்டு விழும், மறுபக்கம் வளைந்த குடாவில் தண்ணீர் அடங்கிக் கிடக்கும். அலைச்சறுக்குப் பலகையோடு வெளிநாட்டுப் பிள்ளைகளையும் சென்னைப் பிள்ளைகளையும் பார்க்கலாம். கருமேனி ஆறு கடலைத் தேடி வந்து மணல்மேட்டுக்குப் பின்னால் உப்பங்கழியாகத் தேங்கி நிற்பதும் மேலிருந்து நன்றாகத் தெரியும். செப்டம்பர் 14 மகிமைப் பெருவிழா. அந்த இரண்டு வாரமும் ஊர் கொள்ளாத கூட்டம். கூட்டம் பிடிக்குமென்றால் அப்போது, கடல் பிடிக்குமென்றால் மற்ற நாட்களில். இது சுற்றுலாத் தலம் என்று யாரும் பெயர்ப்பலகை வைத்துக் கட்டிய ஊர் இல்லை, மீனவர்கள் குடியிருக்கும் ஊர். வலை காயும் மணலில் நடந்து போகாதீர்கள். கோவிலுக்குள் போகும் உடையோடு வாருங்கள்.

மணப்பாட்டுக்குப் போய்விட்டுத் தேரியைப் பார்க்காமல் வந்தவரை நான் மன்னிப்பதில்லை. திருச்செந்தூருக்கும் சாத்தான்குளத்துக்கும் இடையே காயாமொழி, குதிரைமொழிப் பக்கம் திரும்பினால் நிலம் திடீரென்று சிவந்துவிடும். செம்மண் என்று நினைக்க வேண்டாம், மணல். கையில் அள்ளினால் விரலிடுக்கில் ஒழுகும் சிவப்பு மணல், குன்று குன்றாக. ஒவ்வொரு மணல் துகளின் மேலும் இரும்பு ஆக்சைடு பூச்சுப் போல ஏறியிருப்பதால் வந்த நிறம். ஒரு காலத்தில் கடலோரத்தில் காற்று குவித்தவை இன்று உள்ளே நிற்கின்றன. இங்கே கிடைத்த சிறுசிறு கற்கருவிகளை வைத்துத் தொல்லியலாளர்கள் தேரிப் பண்பாடு என்றே ஒரு பெயர் கொடுத்திருக்கிறார்கள். ஹவாயின் மவுயி தீவில் கைஹலுலு என்ற சிவப்புக் கடற்கரைக்குப் போக ஆட்கள் செங்குத்தான சரிவில் உயிரைப் பிடித்துக்கொண்டு இறங்குகிறார்கள். தேரிக்குள் கார் போகும் வழி இருக்கிறது. மழைக்குப் பிறகு டயர் புதையாமல் இருந்தால் சரி.

தேரிக்குள்ளும் சுனை உண்டு. அருஞ்சுனை காத்த ஐயனார் கோவில் பெயரிலேயே அதை வைத்திருக்கிறது. காயாமொழித் தேரியில் கற்குவேல் ஐயனார். கார்த்திகை கடைசியில் அங்கே கள்ளர் வெட்டுத் திருவிழா நடக்கும், அந்தச் சிவப்பு மணலையே பிரசாதமாக அள்ளி முடிந்துகொண்டு போவார்கள். வெயில் ஏறினால் மணல் கால் வைக்க விடாது. காலை ஒன்பதுக்குள் பார்த்துவிடுங்கள். வரும்போது உடன்குடியில் கருப்பட்டி வாங்குங்கள். பங்குனி, சித்திரை என்றால் வழியிலேயே பதநீர் கிடைக்கும். இந்த மணலில் வேர் விட்ட பனையின் பதநீரைக் குடித்துவிட்டு ஊர்ப் பாக்கெட் பதநீரைக் குடிக்க மனசு வராது.

குமரிமுனையின் மணல்

கன்னியாகுமரிக்கு 245 கிலோமீட்டர். பாறை, சிலை, 2024 டிசம்பர் கடைசியில் திறந்த கண்ணாடிப் பாலம் எல்லாவற்றுக்கும் வேறு வழிகாட்டிகள் இருக்கின்றன. நான் குனியச் சொல்கிறேன். அலை இழுத்துப் போன இடத்தில் மணல் வரி வரியாகக் கறுப்பு, சிவப்பு, மஞ்சள் என்று பிரிந்து கிடக்கும். சுசீந்திரத்து ஈசனோடு குமரியின் கல்யாணம் நின்றுபோனதால் சமைத்த சோறும் பண்டமும் மணலாகிவிட்டன என்பது ஊர்க்கதை. கறுப்பு இல்மனைட், சிவப்பு கார்னெட், மஞ்சள் மோனசைட். இவை சாதாரண மணலைவிடக் கனமானவை, அலை இலேசான மணலைக் கழுவிக்கொண்டு போனபின் தங்கிவிடுகின்றன. முறத்தில் அரிசி புடைப்பது போலத்தான். கச்சான் காலத்து முரட்டு அலைகள் நன்றாகப் புடைக்கும், ஆகவே நிறம் பார்க்க ஆவணி, புரட்டாசி மோசமில்லை. பிள்ளைகளிடம் வலுவான காந்தம் ஒன்று கொடுத்துப் பாருங்கள், கறுப்பு மணல் ஒட்டும்.

மேற்கே மணவாளக்குறிச்சிக் கரையில் இந்த மணலின் சரித்திரமே இருக்கிறது. 1909-ல் ஷோம்பர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர், திருவிதாங்கூரிலிருந்து இறக்குமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டைக் கண்டதாகச் சொல்வார்கள். மோனசைட்டில் தோரியம் உண்டு. அந்தக் காலத்து கியாஸ் விளக்கு மாண்டில்களுக்கு அது தேவைப்பட்டது. திருவிழாக்களில் பெட்ரோமாக்ஸ் வெளிச்சம் பார்த்து வளர்ந்தவர்கள் இந்தக் கரைக்கு ஏதோ ஒரு வகையில் கடன்பட்டவர்கள்.

சித்ரா பௌர்ணமியன்று மாலை சூரியன் இறங்குவதையும் நிலா ஏறுவதையும் ஒரே நேரத்தில் பார்க்கக் கூட்டம் கூடும். மதுரைக்காரர் அன்றைக்கு ஊரைவிட்டு எப்படிக் கிளம்புவது? அழகர் ஆற்றில் இறங்குகிற நாள். கவலை வேண்டாம், எந்தப் பௌர்ணமியிலும் சூரியன் மறைகிற வேளையில்தான் நிலா எழும். மாசி, பங்குனிப் பௌர்ணமிக்குப் போனால் இதே காட்சி, பாதிக் கூட்டம்.

நேரம் மிஞ்சினால் முட்டம். பாறைக்கூட்டத்தின் மேல் அலை வெடிக்கும் இடம். 'அலைகள் ஓய்வதில்லை', 'கடலோரக் கவிதைகள்' பார்த்தவர்களுக்கு ஒவ்வொரு பாறையும் தெரிந்த முகமாக இருக்கும். ஆனால் இந்த மேற்குக் கரையில் ஒரு எச்சரிக்கை. காற்றே இல்லாத, வானம் வெளுத்த நாளில் கடல் திடீரென்று ஏறிவந்து கரையில் நிற்பவரை இழுத்துக்கொண்டு போகும். மீனவர்கள் இதற்கு வைத்த பெயர் கள்ளக்கடல். தெற்கே அண்டார்டிகா பக்கம் அடித்த புயலின் அலை, நாள்கணக்கில் பயணம் செய்து இங்கே வந்து சேர்வது அது. அதனால்தான் இந்த ஒரு விஷயத்தில் உள்ளூர்க் காற்றைக் கேட்டுப் பிரயோசனமில்லை. 2024 மே மாதம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் இப்படித்தான் போனார்கள். ஐதராபாத்தில் உள்ள கடல்சார் தகவல் மையம் முன்கூட்டியே அறிவிப்பு விடுகிறது, செய்திகளில் வரும். கிளம்புகிற அன்று அதைப் பார்த்துவிட்டு, கரைக்குப் போனதும் ஒரு மீனவரையும் கேளுங்கள். அவர் இறங்க வேண்டாம் என்றால் ஈரமான பாறையில்கூட நிற்க வேண்டாம்.

ஆற்றங்கரை

இது எந்தப் பட்டியலிலும் வராது, வைகைக்கரைக்காரர்களுக்காகச் சேர்க்கிறேன். ராமநாதபுரத்துக்குக் கிழக்கே, அழகன்குளத்தை ஒட்டி ஆற்றங்கரை என்றே ஓர் ஊர். நம் வைகை கடலைத் தொடும் இடம். அழகன்குளத்தில் 1980-களிலிருந்து பல கட்டமாகத் தோண்டி ரோமானியக் காசுகளும் பானை ஓடுகளும் எடுத்தார்கள். ஓர் ஓட்டில் கப்பலின் கோட்டுப்படம் கீறியிருந்தது. மதுரைக்கு வந்த அயல்நாட்டுச் சரக்கு இறங்கிய துறைகளில் இதுவும் ஒன்று.

தனி வண்டி இருந்தால் ராமேசுவரத்திலிருந்து திரும்பும்போது இந்தப் பக்கம் ஒதுங்கலாம். கடை கண்ணி அதிகம் இல்லை, காப்பியை ராமநாதபுரத்திலேயே முடித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான மாதங்களில் ஆற்றுத்தண்ணீர் அவ்வளவு தூரம் வந்து சேராது, ராமநாதபுரம் பெரிய கண்மாயோடு முடிந்துவிடும். முகத்துவாரத்தில் கடல்தான் ஆற்றுக்குள் கொஞ்ச தூரம் ஏறி வந்து பார்த்துவிட்டுப் போகும். வண்டியூர் கண்மாய் மறுகால் பாய்கிற அளவுக்கு மழை பெய்து, வைகையில் தண்ணீர் திறந்து, யானைக்கல் தரைப்பாலம் மூழ்குகிற வருஷம் வந்தால் ஒரு வாரம் பொறுத்திருந்து கிளம்புங்கள். பச்சைக் கடலுக்குள் நம் ஆற்றின் செந்நிறம் விசிறி மாதிரி விரிந்து கிடக்கும்.